முதல் வினா: கொழும்புத் தமிழரும் இணையத் தேடலின் தொடக்க காலமும்

பவணந்தி முனிவர் தமது நன்னூலிலே வினாவை அறுவகைப்படுத்தினார். அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்னும் இவ்வாறினையும் நாம் பாடசாலைக் காலத்தில் மனனஞ் செய்திருக்கிறோம். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே அவ்விலக்கணம் வகுக்கப்பட்டபோது வினா என்பது ஒரு மனிதன் மற்றொரு மனிதனிடத்தே நிகழ்த்துவதொன்றாகவே இருந்தது. வினவுவோனின் முகத்தை விடை கூறுவோன் கண்டான். அவனது வயதும் ஊரும் உறவும் அறிந்தே விடை கூறினான். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் கழிந்து, இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டிலே, முகமற்ற ஒரு பொறியின் முன்னமர்ந்து தனித்து வினவும் வழக்கம் தோன்றிற்று. அவ்வழக்கம் கொழும்புத் தமிழரிடையே எச்சூழலில் வேரூன்றியது, அவர்கள் முதன்முதலில் வினவியவை யாவை, அவை இன்று நகைப்புக்கும் நாணத்துக்கும் உரியனவாக நினைவுகூரப்படுவதேன் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்று நாற்பது வயதைக் கடந்தோர் ஒன்றுகூடும் இடங்களிலே இக்காலம் பற்றிய பேச்சு அடிக்கடி எழுவதை வாசகர் அறிவர். தொலைபேசிக் கம்பியூடாக இணைப்புப் பெறுகையில் மொடெம் எழுப்பிய கீச்சொலி, ஒரு படம் மேலிருந்து கீழாக வரி வரியாகத் திறந்த ஆறுதல், இணைப்பிலிருக்கும்போது வீட்டுக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் தடைப்பட்டமையால் எழுந்த சச்சரவு ஆகியவற்றை அவர்கள் ஒருவகை ஏக்கத்துடன் எடுத்துரைப்பர். இக்கட்டுரையை எழுதுபவர் பிறந்த காலத்தில் அக்கீச்சொலி ஓயத் தொடங்கிவிட்டது. ஆதலின் இங்கு கூறப்படுவது எமது நினைவன்று, கேட்டறிந்த நினைவாகும். மருதானையில் எமது இல்லத்திலும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள உறவினர் இல்லங்களிலும் கேட்டவற்றை, எழுதப்பட்ட வரலாற்றோடு பொருத்திப் பார்க்கும் சிறு முயற்சியே இது. கூறியோரின் பெயர்களைத் தவிர்த்தமைக்கான காரணம் பின்னர் உரைக்கப்படும்.

பொறியின் வருகை

உலகளாவிய வலை என்னும் எண்ணம் 1989இல் ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வகத்தில் டிம் பேர்னேர்ஸ்-லீ என்பாரால் முன்வைக்கப்பட்டது. 1991இல் அது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. 1993 ஏப்ரிலில் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அந்நிறுவனம் அறிவித்தமையே அதன் விரைவான பரவலுக்குக் காரணமாயிற்று. ஆயினும் பக்கங்கள் பெருகப் பெருக அவற்றுள் வேண்டியதைக் கண்டடைவது அரிதாயிற்று. வலைக்கு முன்னரே, 1990இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழக மாணவரான அலன் எம்ரேஜ், கோப்புகளின் பெயர்களைத் தேடித்தரும் ‘ஆர்ச்சி’ என்னும் கருவியை ஆக்கியிருந்தார். 1994இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக மாணவர் இருவர் தொடங்கிய யாகூ, நூலகத்தின் பகுப்பு முறையை ஒத்து மனிதர் தொகுத்த ஓர் அட்டவணையாகும். 1995 டிசெம்பரில் வெளிவந்த அல்ராவிஸ்ராவோ பக்கங்களிலுள்ள சொற்கள் அனைத்தையும் பொறியே வாசித்துத் திரட்டியது. 1998இல் கூகிள் தோன்றிற்று. இவ்வேறுபாடு சிறிதன்று. அட்டவணையிலே நாம் பொருளைத் தேடினோம். பொறியிடத்தே சொல்லைத் தேடினோம். எச்சொல்லை இடுவது என்பதை அறியாதவனுக்குப் பொறி ஊமையாகவே இருந்தது.

இலங்கையில் இணையம் முதலிற் பல்கலைக்கழகங்களிலேயே கால்கொண்டது. 1990இல் இந்நாட்டுக்குரிய இணையப் பெயர் பதிவாயிற்று. அப்பத்தாண்டின் முற்பகுதியில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அபய இந்துருவ முதலியோர் முயற்சியால் உயர்கல்வி நிறுவனங்களை இணைக்கும் மின்னஞ்சல் வலையமைப்பொன்று உருவானது. 1995இல் லங்கா இன்ரநெற் நிறுவனம் வணிக அடிப்படையிலான சேவையைத் தொடங்கியது. 1996இல் ஸ்ரீலங்கா ரெலிகொம் அத்துறையில் இறங்கியது. அதே ஆண்டில் சன்ரெல், லங்கா பெல் ஆகியவை கம்பியில்லாத் தொலைபேசிக்கு உரிமம் பெற்றன. 1997இல் ரெலிகொம்மின் 35 சதவீதப் பங்குகள் ஜப்பானிய நிறுவனமான என்.டி.டி.க்கு விற்கப்பட்டன. நீண்ட காத்திருப்புப் பட்டியலில் பெயரெழுதி ஆண்டுக்கணக்கிற் காத்திருந்து தொலைபேசி பெற்ற காலம் மெல்ல மறைந்தது. எனினும் கணினியும் தொலைபேசியும் ஒருங்கே உடைய இல்லங்கள் மிகச் சிலவே. ஆகவே இணையம் பெரும்பாலோருக்கு வீட்டுப் பொருளாக அன்றி, நிமிடக் கணக்கிற் பணம் கொடுத்துப் பயன்படுத்தும் கடைப் பொருளாகவே அறிமுகமாயிற்று.

அக்கடைகள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் செறிந்தமை தற்செயலன்று. 1983 யூலை வன்செயலின் பின்னர் பெருந்தொகையான தமிழர் நாட்டைவிட்டு வெளியேறினர். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிகழ்ந்த பேரிடப்பெயர்வு மேலும் பலரைக் கொழும்பு நோக்கித் தள்ளியது. கடவுச்சீட்டுக்கும் விசாவுக்குமாகக் காத்திருந்தோர் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் மாதக்கணக்கிற் தங்கினர். ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் சூரிச்சிலும் சிதறியிருக்க, பெற்றோர் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் வாழ்ந்தனர். அவர்களை இணைத்த வெளிநாட்டுத் தொலைபேசிக் கடைகளே காலப்போக்கில் ஒரு மூலையில் இரண்டு கணினிகளை வைத்து ‘நெற் கபே’ ஆயின. வரலாற்று நோக்கிற் கூறின், கொழும்புத் தமிழரின் இணையம் ஆர்வத்தின் விளைவு என்பதிலும் பிரிவின் விளைவு என்பதே பொருந்தும்.

முதல் வினாக்கள்

அக்கடைகளிலே முதன்முதல் என்ன வினவப்பட்டது? நாம் கேட்டறிந்தவற்றுள் மூன்றினை இங்கு எடுத்துக்கொள்வோம்.

எமது பெரியப்பா நெடுந்தீவிற் பிறந்தவர். பொறிக்கு யாவும் தெரியும் என அயலவர் கூறக்கேட்டு, அதனைச் சோதிக்க விரும்பித் தமது தீவின் பெயரை இட்டார். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயர் ‘டெல்ஃப்ற்’ என்பதாகும். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரை அதற்குச் சூட்டிச் சென்றனர். திரையிலே தோன்றியவை ஒல்லாந்து நாட்டு நகரமும் நீலப் பூவேலை செய்த பீங்கான் தட்டுகளுமாம். “காசு கொடுத்துச் சட்டி பானை பார்த்துவிட்டு வந்தேன்” என அவர் இன்றும் கூறி நகைப்பார். இஃது அறிவினா, தாம் நன்கறிந்ததையே பிறர் அறிவாரா எனக் கேட்பது. ஆனால் அந்நகைப்பின் அடியில் ஒரு வரலாற்று உண்மை கிடக்கிறது. குடியேற்ற ஆட்சியாளர் இட்ட பெயரால் அழைத்தபோது, தீவு தன்னைக் காட்டாது தன் ஆண்டையின் ஊரைக் காட்டிற்று.

எமது சின்னம்மா 1999இல் உயர்தர வகுப்பு மாணவி. தேடுபொறியின் சிறு பெட்டியினுள், “மதிப்புக்குரிய ஐயா” எனத் தொடங்கி, ஐரோப்பிய வரலாற்றுக் குறிப்புகளைத் தந்துதவுமாறு பணிவுடன் வேண்டி, ஈற்றில் நன்றி கூறித் தமது பெயரையும் ஆங்கிலத்தில் எழுதினாராம். ‘சேர்’ பட்டம் பெற்ற ஆங்கிலேயக் கனவான்கள் சிலர் விடையாக வந்து நின்றனர். இதனைச் சொல்லும்போது அவர் இன்றும் முகத்தை மூடிக்கொள்வார். ஆனால் இதில் நாணத்தக்கது யாது? விண்ணப்பம் எழுதியே எதனையும் பெற்றுப் பழகிய ஒரு சமூகத்தின் பிள்ளை, பொறியையும் ஓர் அலுவலராகவே கருதினார். அவர் இட்டது கொளல் வினா. முன்னைய தொழினுட்பத்தின் ஒழுக்கத்தைக் கொண்டே மனிதர் புதிய தொழினுட்பத்தை அணுகுவர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவது, எமது மாமாவினுடையது. அவர் வெள்ளவத்தையில் அத்தகைய கடையொன்றில் வேலை பார்த்தவர். மருதானையிலிருந்து கரையோரப் புகையிரதத்தில் நாடோறும் சென்று வருவார். கடையைத் திறந்ததும், வாடிக்கையாளர் வருமுன்னர், தம்மோடு படித்த நண்பர் ஒருவரின் பெயரை இடுவார். 1995 இடப்பெயர்வின்போது பிரிந்த நண்பர் அவர். ‘பொருந்துவது எதுவும் இல்லை’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றும். மறுநாள் எழுத்துக்கூட்டை மாற்றி இடுவார்.

எழுத்துக்கூட்டை மாற்றியது வீண் முயற்சியன்று. தமிழ்ப் பெயரொன்றை உரோமன் எழுத்தில் பலவாறு எழுதலாம். புலம்பெயர்ந்த நாடுகளிலோ தந்தையின் பெயரே குடும்பப் பெயராகப் பதியப்பட்டது. நீண்ட பெயர்கள் குறுக்கப்பட்டன. ஒரே தந்தையின் மைந்தர் இருவர் இரு நாடுகளில் இருவேறு எழுத்துக்கூட்டுடன் வாழும் நிலை இன்றும் உண்டு. அந்நண்பர் எங்கோ ஒரு நாட்டில் நலமாக இருந்து, அவரது பெயர் ஏதோவொரு பக்கத்தில் அச்சாகியிருந்தாலும், மாமாவின் வினா அவரைச் சென்றடைந்திராது.

எழுத்தின் இடர்

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும்: அப்பெயரைத் தமிழிலேயே இட்டுத் தேடினால் என்ன? அன்று அது இயலாது. தொடக்ககால இணையத்திலே தமிழ் இருந்தது; ஆனால் தமிழாக இருக்கவில்லை. இலங்கைத் தமிழரிடையே பெருவழக்கிலிருந்த ‘பாமினி’ எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதிலே ‘தமிழ்’ என்னும் சொல்லைப் பெறுவதற்கு ஆங்கில விசைப்பலகையில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும் தட்டவேண்டும். கணினியின் நினைவிற் பதிந்தவையும் அவ்வாங்கிலக் குறிகளே. எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியது; அவ்வளவே. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்க் கட்டுரை வெறும் குறிக்குவியலாகக் காட்சியளித்தது. வெவ்வேறு எழுத்துருக்கள் வெவ்வேறு குறிகளைக் கையாண்டமையால், ஒருவர் எழுதியது மற்றவரின் தேடலுக்கு எட்டவில்லை.

இக்குறையைக் களைய உழைத்தோர் பெரும்பாலும் தாயகத்துக்கு வெளியே வாழ்ந்த தமிழரே. 1995 ஒக்டோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முதலியோரின் முயற்சியால் தமிழ்க் கவிதைகள் தமிழெழுத்திலேயே இணையத்தில் ஏறின. 1997இல் சிங்கப்பூரிலும், 1999 பெப்ருவரியில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. கோவிந்தசாமி அவ்வாண்டு மே மாதத்திலேயே காலமானார். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளை ஆக்கினார். சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் முதலியோர் 1998ஆம் ஆண்டு பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை மின்வடிவாக்கினர். ஜேர்மனியில் வாழும் ஈழத்தவரான சுரதா யாழ்வாணன் ஆக்கிய எழுத்துரு மாற்றி, பாமினி முதலியவற்றில் எழுதப்பட்டவற்றை ஒருங்குறிக்குக் கொணர்ந்தது.

உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறியிலே தமிழ் 1991இலேயே இடம்பெற்றிருந்தது. ஆயினும் 2000இல் மைக்ரோசொஃப்ற் நிறுவனத்தின் விண்டோஸ் 2000 அதனை ஏற்ற பின்னரே அது சாதாரண கணினிகளிற் பயன்படத் தொடங்கியது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தோன்றியபோது அதனை முன்னின்று வளர்த்தவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் ஆவார். அதன் பின்னரே ‘நெடுந்தீவு’ என இட்டவனுக்கு நெடுந்தீவே தோன்றியது. பெரியப்பாவின் அறிவினாவுக்கு விடை கிடைக்கச் சில ஆண்டுகள் பிடித்தன.

வினவப்பட்டோர் வினவுவோராதல்

இனி இவ்வினாக்களின் சமூகப் பொருளை நோக்குவாம். 1990களின் கொழும்பிலே தமிழ் இளைஞன் ஓயாது வினவப்பட்டவன். எங்கிருந்து வந்தாய், யாரிடம் தங்கியிருக்கிறாய், எதற்காக வந்தாய், எப்போது திரும்புவாய் எனச் சோதனைச் சாவடியிலும் விடுதியிலும் பொலிஸ் பதிவிலும் அவன் விடை கூறியாக வேண்டியிருந்தது. அந்நிலை பல்லாண்டு நீடித்தது. 2007 யூன் 7ஆந் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்கு நோக்கி அனுப்பப்பட்டமையும், மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடைசெய்தமையும் யாவரும் அறிந்தவை. அத்தகைய நகரிலே, பலகைத் தடுப்புக்குள் அமர்ந்து ஒரு பெட்டியில் சொல்லை இட்டபோது, அவன் முதன்முறையாக வினவுவோன் ஆனான். பொறி அவனது அடையாள அட்டையைக் கேட்கவில்லை. அவ்வினா எத்துணை அற்பமாயினும், அது பிறந்த சூழல் அற்பமன்று.

மாமா கூறிய மற்றொரு செய்தி இங்கு மனங்கொளத்தக்கது. 1999இல் வெளிவந்த இன்ரநெற் எக்ஸ்புளோறரின் ஐந்தாம் பதிப்பு, பெட்டியில் இட்ட சொற்களை நினைவில் வைத்திருந்தது. ஒருவர் எழுந்துபோன பின் அடுத்தவர் முதலெழுத்தைத் தட்டியதும் முன்னையவரின் வினாக்கள் கீழே விரியும். வெளிநாட்டு அகதி விண்ணப்பம், நீரிழிவுக்கான உணவு, நடிகையரின் படங்கள், மணமகள் தேவை, குழந்தையின்மைக்கான மருத்துவம், உடலைப் பற்றிப் பாடநூல் கூறாத ஐயங்கள் யாவும் ஒரே பட்டியலில் நின்றன. எவரிடமும் கேட்க இயலாத ஐய வினாக்கள் அவை. மாலையில் கடையைப் பூட்டுமுன் மாமா அவற்றை அழித்துவிடுவார். “வாசித்தேன் என்று தெரிந்தால் நாளைக்கு எந்த முகத்தோடு வருவார்கள்?” என்பது அவர் கூறிய காரணம்.

அவர் அழித்தது ஓர் ஆவணக் காப்பகம் என வரலாற்று மாணவன் வருந்தலாம். ஆனால் அவர் செய்ததே சரி என்பதனைப் பின்னைய நிகழ்ச்சியொன்று உணர்த்திற்று. 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம் ஏறத்தாழ ஆறரை இலட்சம் பேர் மூன்று மாதங்களில் நிகழ்த்திய சுமார் இரண்டு கோடித் தேடல்களை, பெயர்களுக்குப் பதிலாக எண்களை இட்டு, ஆய்வாளருக்கென வெளியிட்டது. சில நாட்களுள் நியூயோர்க் ரைம்ஸ் செய்தியாளர் அவ்வினாக்களைக் கொண்டே ஜோர்ஜியா மாநிலத்து முதிய பெண்ணொருவரை இன்னாரெனக் கண்டறிந்தனர். ஒருவன் தரும் விடைகளிலும் அவன் எழுப்பும் வினாக்கள் அவனைத் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும் என்பது அன்று புலனாயிற்று. இக்கட்டுரையிற் பெயர்கள் தவிர்க்கப்பட்டமைக்கு இதுவே காரணம்.

ஏக்கத்தின் எல்லை

தொடக்ககால இணையம் பற்றிய ஏக்கம் எல்லோர்க்கும் பொதுவானதன்று என்பதையும் குறிப்பிடல் வேண்டும். அது நகரத்தாருக்கும் ஆங்கிலம் ஓரளவேனும் கற்றோருக்கும் உரியது. கொழும்பிலே இளைஞர் மின்னஞ்சல் முகவரி பெற்றுக்கொண்டிருந்தபோது, வன்னியிலே மின்சாரமே இருக்கவில்லை. 2002இல் ஏ9 பாதை திறக்கப்பட்டபோது வடக்குக்கும் தெற்குக்கும் இடையே ஏற்பட்ட போக்குவரத்து, 2006 ஆகஸ்டில் மீண்டும் துண்டிக்கப்பட்டது. மலையகத் தோட்டங்களின் லயன் அறைகளுக்குத் தொலைபேசியே எட்டாதிருந்தது.

இதற்கு மாறான ஒரு முயற்சியும் இந்நாட்டில் நிகழ்ந்தது. 1990களின் இறுதியில் கொத்மலை சமூக வானொலி, யுனெஸ்கோவின் ஆதரவுடன், நேயர்கள் அனுப்பிய வினாக்களை அறிவிப்பாளரே இணையத்தில் தேடி, கிடைத்த விடையை அவர்தம் மொழியில் வானலையில் விளக்கும் நிகழ்ச்சியை நடத்தியது. அங்கே தேடல் ஊரறிந்த செயல். ஒருவரின் வினா ஊருக்கே பயன்பட்டது. ஆனால் ஊரறியக் கேட்கத்தக்க வினாக்களையே அங்கு கேட்கலாம். வெள்ளவத்தையின் பலகைத் தடுப்புக்குள் பிறந்த வினாக்களை வானொலிக்கு எழுதியனுப்ப எவரும் துணியார். இரண்டும் தேவைப்பட்டன என்பதே உண்மை.

முடிவாக

அக்காலத்தின் சுவடுகள் விரைந்து மறைகின்றன. எத்தனையோ தமிழர் தமது முதற் பக்கங்களை அமைத்த இலவசத் தளமான ஜியோசிற்றீஸை யாகூ 2009இல் மூடியது. அல்ராவிஸ்ரா 2013 யூலையில் நிறுத்தப்பட்டது. 1996இல் தொடங்கப்பட்ட இன்ரநெற் ஆர்க்கைவ் பழைய பக்கங்கள் பலவற்றைச் சேமித்துள்ளது. எனினும் அவற்றுட் பழைய எழுத்துருக்களில் அமைந்த தமிழ்ப் பக்கங்களை வாசிக்க, எழுத்துருவைத் தேடிப் பொருத்தவேண்டியுள்ளது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன என்பர். அவ்விழப்பின் நினைவு நெஞ்சில் ஆறாதிருந்த சமூகத்திலிருந்தே 2005இல் நூலகம் என்னும் மின்னூலகத் திட்டம் பிறந்து, ஈழத்து அச்சு நூல்களைக் காத்துவருகிறது. அச்சேறியவற்றுக்கு அவ்வாறு ஒரு புகலிடம் உண்டு. வினாக்கள் அச்சேறுவதில்லை, அவை வினவியோரின் நினைவிலேயே உள்ளன.

எனவே நம்மாற் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நமது பெற்றோரிடமும் மாமன் மாமியரிடமும், அவர்கள் அப்பொறியிடம் முதன்முதற் கேட்டது யாது எனக் கேட்டு, அவர்தம் இசைவுடனும் பெயர் சுட்டாமலும் பதிந்துவைத்தல் வேண்டும். முதலில் நகைப்பர். சிறிது பொறுத்திருந்தால், நகைப்புக்குப் பின்னால் உள்ளதையும் கூறுவர். எமது அனுபவம் அதுவே.

மாமாவிடம் அந்நண்பரைப் பற்றி இறுதியாகக் கேட்டோம். இப்போது அவர் அப்பெயரைத் தமிழிலேயே இடுகிறாராம். அதே பெயருடைய பலர் தோன்றுகின்றனர், அவரல்லர். நன்னூலார் கூறிய ஆறனுள் அவ்வினா எதனைச் சாரும் என எம்மால் துணிய முடியவில்லை. ஆயினும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே மனிதர் ஒரே வினாவைக் கேட்டுவருகிறார் என்பதை வரலாறு ஓரிடத்திலேனும் குறித்துவைத்தல் வேண்டும்.